14 டால்டன் வித்தியாசம்

அட்டாளைச்சேனை வட்டையில் வேளாண்மை பச்சை பிடித்து நிற்கும் காலத்தில் வரம்போரம் மாடு வாய் வைப்பதும், அதை யாராவது ஓடிப்போய் விரட்டுவதும் அன்றாடக் காட்சி. அந்த மாட்டுக்கும் அது கடிக்கும் நெல்லுக்கும் பொதுவானது என்ன என்று உயர்தர உயிரியல் மாணவர் ஒருவரைக் கேட்டால் கலம், கரு, டி.என்.ஏ. என்று அடுக்குவார். 1969இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்ட விடை இவற்றைவிட வியப்பானது. கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்தும் பட்டாணி நாற்றிலிருந்தும் எச்4 என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் அமினோ அமிலங்களை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். மொத்தம் 102. இரண்டுக்கும் இடையே மாறியிருந்தவை 2 மட்டுமே. விலங்குக் குலமும் தாவரக் குலமும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்தப் புரதம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. நெல்லின் கதையும் பட்டாணியின் கதைதான்.

எச்4 என்பது ஹிஸ்டோன் என்னும் புரதக் குடும்பத்தில் ஒன்று. காலம் இவற்றை மாற்றவில்லை. ஆனால் இவற்றின் மேல் ஏறி இறங்கும் சிறிய இரசாயனக் குறிகள் நிமிடத்துக்கு நிமிடம்கூட மாறக்கூடியவை. ஈரல் கலமும் நரம்புக் கலமும் ஒரே டி.என்.ஏ.யை வைத்துக்கொண்டு வேறு வேறு வேலை செய்வதிலும், நல்ல கலம் புற்றுக் கலமாகத் திரிவதிலும் இக்குறிகளுக்குப் பங்குண்டு. இவற்றை வாசிக்க உலகத்து ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது முயலோ சுண்டெலியோ உண்டாக்கித் தரும் பிறபொருளெதிரியை. மிக நுட்பமான கருவி அது. பிழையாக வாசித்தாலும் பிழையென்று காட்டிக்கொடுக்காத கருவியும் அதுதான்.

வாலில் ஏறும் குறி

ஹிஸ்டோனை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய உயிர் இரசாயனவியலாளர் அல்பிரெக்ட் கொசெல். ஆண்டு 1884. மூலப்பொருள் வாத்தின் செங்குருதிக் கலங்கள். மனிதனின் செங்குருதிக் கலத்தில் கரு இல்லை, பறவையினதில் உண்டு என்பதால் அந்தத் தேர்வு. கொசெலுக்கு 1910இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹிஸ்டோனுக்கோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மதிப்புக் கிடைக்கவில்லை. டி.என்.ஏ.யைச் சுருட்டி வைக்கும் வெறும் பொதிப்பொருள் என்றே பலரும் எண்ணினார்கள்.

சுருட்டுவது சின்ன வேலையல்ல. ஒரு மனிதக் கலத்தின் டி.என்.ஏ.யை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அது அடங்க வேண்டிய கருவோ ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய நான்கும் இரண்டிரண்டாகச் சேர்ந்து எட்டுப் புரதங்கள் கொண்ட ஓர் உருளையாக நிற்கின்றன. அதைச் சுற்றி டி.என்.ஏ.யின் 147 சோடி எழுத்துகள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் சுற்று ஓடுகின்றன. இந்த அமைப்பின் துல்லியமான படத்தை கரோலின் லூகரும் திமொதி ரிச்மண்டும் சூரிச்சில் எடுத்து 1997இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் வால் போன்ற ஒரு நுனி உருளைக்கு வெளியே நீண்டிருக்கிறது. குறிகள் பெரும்பாலும் ஏறுவது அந்த வாலில்.

மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுட்ட குறியால் மாடு வேறு மாடாகிவிடுவதில்லை. ஆனால் அது யாருடையது, எந்தப் பட்டிக்குப் போக வேண்டியது என்பதைக் குறிதான் தீர்மானிக்கிறது. குறியில் ஒரு கோடு கூடினால் உரிமையாளரே வேறு. ஹிஸ்டோன் வாலிலும் அப்படித்தான். எந்த இடத்தில், எந்தக் குறி, எத்தனை என்ற மூன்றும் சேர்ந்தே பொருள் தரும்.

எச்3இன் வாலில் 4ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதில் மூன்று மெதைல் கூட்டங்கள் ஏறியிருந்தால், பெரும்பாலும் அருகில் ஒரு மரபணு வேலை தொடங்கும் இடம் இருக்கிறது என்று பொருள். அதே வாலின் 9ஆம் லைசினில் அதே மூன்று மெதைல் ஏறினால் அங்கே மரபணுக்கள் அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். 27ஆம் லைசினில் மூன்று மெதைல் என்றால் அதுவும் அடக்கம்தான், ஆனால் அடக்கும் புரதக் கூட்டம் வேறு. அந்த 27ஆம் இடத்திலேயே மெதைலுக்குப் பதில் அசற்றைல் அமர்ந்தால் பொருள் தலைகீழாகி, மரபணுவைத் தூண்டும் பகுதி விழித்திருப்பதைக் காட்டும்.

அசற்றைல் குறிக்கும் மரபணு வேலைக்கும் தொடர்பிருக்கலாம் என்று நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்பிரே 1964இலேயே எழுதினார். கேட்டவர் குறைவு. 1996இல் டேவிட் அல்லிஸின் குழு, குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒரு கல உயிரியிலிருந்து அசற்றைல் ஏற்றும் நொதியத்தைப் பிரித்தது. ஈஸ்ட்டில் மரபணுக்களைத் தூண்டுவதாக முன்பே அறியப்பட்டிருந்த ஒரு புரதத்தின் இனம் அது. ஹிஸ்டோன் வெறும் பொதிப்பொருள் என்ற எண்ணம் அதோடு தளர்ந்தது. குறிகளை வாசிக்க வேண்டும் என்ற அவசரம் அங்கே தொடங்கியது.

முயலை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

எச்3 புரதத்தின் எடை, மூலக்கூறுகளை நிறுக்கும் அலகான டால்டனில் சொன்னால், ஏறத்தாழ 15,000. அதில் ஒரு மெதைல் ஏறும்போது கூடுவது 14 டால்டன். அசற்றைல் என்றால் 42. ஆயிரத்தில் ஒரு பங்கு எடை கூடியிருப்பதைக் கண்டுபிடித்து, அது எந்த இடத்தில் கூடியது என்றும் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு வருகிற பிறபொருளெதிரி தானே 150,000 டால்டன் எடையுள்ள பெரிய புரதம். அதன் இரு கை நுனிகளில் உள்ள சிறு பள்ளங்கள்தான் குறியைத் தடவி அறிகின்றன.

பிறபொருளெதிரியை உண்டாக்க வழக்கமான வழி, வேற்றுப் பொருளை விலங்கின் உடலில் ஏற்றுவது. அதை அந்நியம் என்று கண்டதும் உடல் எதிர்த்து நிற்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாட்டுக்கும் பட்டாணிக்குமே வேறுபாடு இரண்டு அமினோ அமிலம்தான் என்றால், மனித ஹிஸ்டோனுக்கும் முயல் ஹிஸ்டோனுக்கும் என்ன வேறுபாடு இருக்கப் போகிறது? முயலின் உடல் அதைத் தன்னுடையது என்றே எண்ணி வாளாவிருந்துவிடும்.

அதனால் முழு ஹிஸ்டோனை ஏற்றுவதில்லை. குறி இருக்கும் இடத்தைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை இரசாயன முறையில் கட்டுகிறார்கள். குறி அதில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். அந்தச் சின்னத் துண்டை, முயல் தன் வாழ்நாளில் கண்டிராத பெரிய புரதம் ஒன்றோடு பிணைக்கிறார்கள். இதற்குப் பெரிதும் பயன்படுவது கலிபோர்னியக் கரையோரக் கடலில் வாழும் ஒரு வகைக் கடல் நத்தையின் நீல நிறக் குருதிப் புரதம். அந்தப் பெரிய அந்நியனை எதிர்க்கக் கிளம்பும் உடல், அதோடு ஒட்டியிருக்கும் ஹிஸ்டோன் துண்டையும் சேர்த்தே எதிர்க்கிறது. சில வாரங்கள் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் ஊசி ஏற்றி, பிறகு குருதி எடுத்து அதன் தெளிநீரைப் பிரிக்கிறார்கள்.

தெளிநீரில் இருப்பது ஒரே வகைப் பிறபொருளெதிரி அல்ல. பல வகைகளின் கலவை. குறியோடு சேர்ந்த துண்டைப் பிடிப்பவையும், குறி இல்லாத துண்டைப் பிடிப்பவையும், நத்தைப் புரதத்தைப் பிடிப்பவையும் அதில் கலந்திருக்கும். முதலில் குறியற்ற துண்டு பூசிய குழாய் வழியாகத் தெளிநீரை ஓடவிட்டு, அங்கே ஒட்டிக்கொள்பவற்றைக் கழிக்கிறார்கள். மிஞ்சியதைக் குறியுள்ள துண்டு பூசிய குழாயில் ஓடவிட்டு, ஒட்டியதைச் சேகரிக்கிறார்கள். விலைக்கு வரும் சரக்கு இதுதான். முயல் இறந்தால் அந்தச் சரக்கும் தீர்ந்தது. அடுத்த முயல் தருவது அதே பெயரில் வேறொரு கலவை.

1975இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். பிறபொருளெதிரி சுரக்கும் ஒற்றைக் கலத்தைச் சாகாத புற்றுக் கலம் ஒன்றோடு இணைத்து, ஒரே வகையை முடிவின்றிச் சுரக்கச் செய்தார்கள். 1984இல் நீல்ஸ் ஜெர்னேயோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹிஸ்டோன் குறிகளுக்கென்று இவ்வகைப் பிறபொருளெதிரிகளைத் தொகுப்பாக உண்டாக்கி, ஒவ்வொன்றையும் சோதித்துக் காட்டியவர்களில் ஜப்பானின் ஹிரோஷி கிமுரா முக்கியமானவர்.

முயல் தன் ஹிஸ்டோனை எதிர்க்காது என்றோமே, மனித உடலில் சில வேளை அந்த விதி முறிகிறது. கசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், குருதி அமுக்கத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரலசின் போன்ற மருந்துகள் சிலரில், உடல் தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற ஒரு நோயைக் கிளப்பும். அந்த நோயாளிகளில் பெரும்பான்மையோரின் குருதியில் சொந்த ஹிஸ்டோனுக்கே எதிரான பிறபொருளெதிரி காணப்படும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நோய் தணியும். ஆய்வுகூடம் பாடுபட்டுச் செய்விப்பதை நோய் தானாகச் செய்துவிடுகிறது.

பெயர் ஒன்று, பிடிப்பது வேறு

எச்3 வாலில் 9ஆம் லைசினைச் சுற்றியுள்ள வரிசை: அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். 27ஆம் லைசினைச் சுற்றியுள்ள வரிசையும் அதே அலனின், ஆர்ஜினின், லைசின், செரின்தான். பிறபொருளெதிரியின் பள்ளம் சின்னது. குறியையும் அதன் இருபுறத்துச் சில அமினோ அமிலங்களையும் மட்டுமே அது தொட்டறியும். எனவே 9ஆம் இடத்துக்கென்று உண்டாக்கியது 27ஆம் இடத்தையும் பிடித்துவிடலாம். இரண்டு இடங்களிலும் குறியின் பொருள் ஒன்றல்ல என்பதால், கிடைக்கும் முடிவு குழம்பிப்போகும்.

அடுத்தது எண்ணிக்கைக் குழப்பம். ஒரு லைசினில் ஒன்று, இரண்டு, மூன்று மெதைல் ஏற முடியும். மூன்றுக்கென்று விற்கப்படும் பிறபொருளெதிரி இரண்டையும் ஓரளவு பிடிக்கும். கலத்தில் இரண்டு மெதைல் உள்ள ஹிஸ்டோன் அதிகமாகவும் மூன்று உள்ளது குறைவாகவும் இருந்தால், அந்த ஓரளவுப் பிடிப்பே மூன்றை மூழ்கடித்துவிடும்.

மூன்றாவது மறைப்பு. 9ஆம் லைசினுக்கு அடுத்து நிற்கும் 10ஆம் செரினில் கலம் பிரியும் நேரத்தில் பொசுபேற்று ஏறும். 9இல் மெதைல் அப்படியே இருக்கும். ஆனால் பக்கத்தில் பொசுபேற்று வந்து அமர்ந்ததால் பிறபொருளெதிரியால் அதை அணுக முடியாது. பார்க்கிற ஆய்வாளருக்கோ மெதைல் மறைந்துவிட்டது போலத் தோன்றும். குறி போய்விட்டதா, தெரியாமல் மறைந்திருக்கிறதா என்பதை அந்தச் சோதனையால் மட்டும் சொல்ல முடியாது.

இவை கற்பனைக் கவலைகள் அல்ல. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 57 வகை ஹிஸ்டோன் குறிகளுக்காக உண்டாக்கப்பட்ட 200க்கு மேற்பட்ட பிறபொருளெதிரிகளைப் பழ ஈ, உருளைப் புழு, மனிதக் கலம் ஆகியவற்றில் சோதித்தார்கள். பெரும்பாலானவை நன்றாகவே வேலை செய்தன. ஆனால் 25 வீதத்துக்கு மேற்பட்டவை குறித்த இலக்கை மட்டும் பிடிக்கின்றனவா என்ற சோதனையில் தவறின. அதில் தேறியவற்றிலும் 20 வீதத்துக்கு மேற்பட்டவை, டி.என்.ஏ.யோடு சேர்த்து ஹிஸ்டோனைப் பிடித்தெடுக்கும் அடுத்த வகைச் சோதனையில் தவறின. நான்கு பிறபொருளெதிரிகள் ஒரே இலக்கை மட்டும் கச்சிதமாகப் பிடித்தன. பிடித்தது லேபிளில் எழுதியிருந்த இலக்கை அல்ல.

2018இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தினரின் ஆய்வு, எச்3இன் 4ஆம் லைசின் மெதைல்களுக்கென்று சந்தையில் விற்கப்பட்ட 52 பிறபொருளெதிரிகளை எடுத்து அளந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தறியத் தடுமாறியவை பல. ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவையும் அவற்றுள் அடக்கம். எல்லா வகைப் பிறபொருளெதிரிகளையும் சேர்த்துப் பார்த்து, தரமற்றவற்றுக்காக உலகம் ஆண்டுதோறும் 80 கோடி அமெரிக்க டொலரை வீணாக்குகிறது என்று 2015இல் நேச்சர் இதழில் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் கூட்டாகக் கையொப்பமிட்டு மதிப்பிட்டார்கள்.

வெற்றிலை வட்டாவும் பெங்களூர் ஆய்வும்

இலங்கை ஆண்களில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் அதன் பெருங்காரணம். புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இலேயே அறிவித்தது. 2004இல் வெளியான அதன் அறிக்கை, புகையிலை இல்லாத கூட்டையும் பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்தது. கலியாண வீட்டிலும் விருந்திலும் வட்டாவில் வெற்றிலை நீட்டும் எங்கள் கரைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

அந்த நோயில் ஹிஸ்டோன் குறிகள் என்ன ஆகின்றன என்று தேடியவர்கள், பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பேராசிரியர் தபஸ் குமார் குண்டுவின் குழுவினர். பி300 என்பது ஹிஸ்டோனில் அசற்றைல் ஏற்றும் நொதியம். அதைத் தடுக்கும் பொருள்களை அவர்கள் நம் அடுப்படிக்குப் பக்கத்திலேயே தேடினார்கள். கஜுக் கோதின் எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலம் பி300ஐத் தடுப்பதை 2003இல் காட்டினார்கள். கஜு சுடும்போது தெறித்துத் தோலைப் பொங்க வைக்கிறதே, அந்த எண்ணெய்தான். 2004இல் கார்சினால், குர்குமின் இரண்டும் வந்தன. கார்சினால் கிடைப்பது, நாம் மீன் கறிக்குப் போடும் கொறுக்காயின் நெருங்கிய இனமான இந்தியப் புளிப்பழத் தோலில். குர்குமின் மஞ்சளுக்கு நிறம் தருவது. கலங்களுக்குள் அசற்றைல் குறி குறைந்ததைக் காட்ட அவர்களும் நம்பியிருந்தது பிறபொருளெதிரிகளையே.

2010இல் அந்தக் குழு வாய்ப் புற்றுநோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. பல புற்றுநோய்களில் ஹிஸ்டோனின் அசற்றைல் குறி குறைவதாகவே அதுவரை அறியப்பட்டிருந்தது. எச்4இன் 16ஆம் லைசினில் அந்தக் குறி இழக்கப்படுவது மனிதப் புற்றுநோய்களின் பொது அடையாளம் என்று 2005இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். வாய்ப் புற்றுத் திசுவிலோ அசற்றைல் கூடியிருந்தது. நைத்திரிக் ஒட்சைட்டு வழியாக பி300 தூண்டப்படுவது அதற்குக் காரணம் என்று குழு காட்டியது. குர்குமினைத் திருத்தி நீரில் கரையும்படி ஆக்கிய ஒரு சேர்மத்தைக் கொடுத்தபோது, எலிகளில் வளர்த்த வாய்ப் புற்றுக் கட்டிகளின் வளர்ச்சி மட்டுப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மஞ்சள் தின்றால் புற்றுநோய் வராது என்று கைபேசியில் சுற்றும் செய்திகளுக்கு இந்த ஆய்வு சாட்சியல்ல. வாயால் உட்கொள்ளும் குர்குமினில் மிகச் சிறு பங்கே குருதியை எட்டுகிறது. அது நிலையற்றது, பல புரதங்களோடு கண்டபடி ஒட்டுவது, தானே ஒளிர்ந்து அளவீடுகளைக் குழப்புவது என்று 2017இல் வெளியான ஒரு விரிவான மீளாய்வு பட்டியலிட்டது. பெங்களூர் குழு எலிக்குக் கொடுத்தது மஞ்சள் தூள் அல்ல. திருத்திய வேறு மூலக்கூறு. எலியில் கண்டது மனிதருக்கு மருந்தாக நெடுந்தூரம் போக வேண்டும்.

இத்தகைய ஆய்வு ஒவ்வொன்றிலும் வாசிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அசற்றைல் கூடியதா குறைந்ததா என்று சொல்வது பிறபொருளெதிரி என்றால், அந்தப் பிறபொருளெதிரி எதைப் பிடிக்கிறது? எச்4இன் ஒரு லைசினுக்கென்று விற்கப்படும் சில பிறபொருளெதிரிகள், பல லைசின்களில் ஒருசேர அசற்றைல் ஏறிய வாலையே அதிகம் விரும்பிப் பிடிக்கின்றன என்பது இன்று தெரியும். அப்படியானால் ஓரிடத்துக் குறி கூடியது என்று எழுதுவதும், மொத்தத்தில் அசற்றைல் பெருகியது என்று எழுதுவதும் ஒன்றல்ல.

இந்தக் கேள்வி ஆய்வுகூடத்தோடு நிற்பதுமில்லை. 2012இல் சிறுவர்களின் மூளைத்தண்டுக் கட்டிகளில் எச்3இன் 27ஆம் லைசினே மெதியோனினாக மாறியிருப்பதை இரண்டு குழுக்கள் கண்டன. அந்த மாற்றத்தைப் பிடிக்கும் ஒரு பிறபொருளெதிரியும், 27இல் மெதைல் இழந்ததைக் காட்டும் இன்னொன்றும் இன்று நோயியல் பிரிவுகளில் பயன்படுகின்றன. 2016 முதல் உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் அந்தக் கட்டிக்குத் தனி இடம் உண்டு. ஒரு பிள்ளையின் நோய்க்கு என்ன பெயர் எழுதுவது என்பதில் பிறபொருளெதிரி அடங்கிய ஒரு சின்னக் குழாய்க்கும் பங்கிருக்கிறது.

100 மைக்ரோலீற்றரும் ஒரு துளிச் சோதனையும்

அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். இந்தக் கரையிலிருந்து உயர்தரத்தில் உயிரியல் படித்து அங்கும், பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று வெளியிலும் போகும் மாணவர்களில் சிலர் கையில் ஒருநாள் அந்தக் குழாய் வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 100 மைக்ரோலீற்றர், அதாவது இரண்டு மூன்று துளி. விலை சில நூறு அமெரிக்க டொலர். ரூபாய் சரிந்த பிறகு அது ஒரு மாணவரின் ஆய்வு நிதியை விழுங்கிவிடக்கூடிய தொகை.

வந்து சேர்வதோடும் கவலை தீராது. பெரும்பாலானவற்றை மறை 20 பாகையில் வைக்க வேண்டும். உறைந்து உருகி உறைந்தால் புரதம் கெடும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு குளிர்ப்பெட்டிக்குள் நடந்ததை வெளியே இருந்து பார்த்து அறிய முடியாது. எனவே வந்த அன்றே சிறு சிறு பங்காகப் பிரித்து வைப்பது முதல் வேலை. ஒன்று கெட்டாலும் மற்றவை மிஞ்சும்.

இரண்டாவது வேலை சோதிப்பது. இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. குறியுள்ள துண்டையும், குறியற்ற துண்டையும், பக்கத்து இடத்தில் குறியுள்ள துண்டையும் வேறு வேறு செறிவுகளில் கரைத்து, நைத்திரோசெலுலோசுத் தாளில் ஒவ்வொரு துளி வைக்க வேண்டும். பிறபொருளெதிரியை அதில் ஊறவிட்டு, எந்தத் துளி நிறம் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். 9ஆம் இடத்துக்கு வாங்கியது 27ஆம் இடத் துளியிலும் நிறம் காட்டினால், கட்டுரை எழுதுவதற்கு முன்பே உண்மை தெரிந்துவிடும்.

துளிச் சோதனையில் தேறினால் அடுத்தது கலத்துக்குள் சோதிப்பது. குறியைக் கூட்டவோ குறைக்கவோ தெரிந்த பொருளைக் கலத்துக்குக் கொடுத்து, பிறபொருளெதிரி அதற்கேற்ப மாறுகிறதா என்று பார்க்கலாம். நெய்யிலும் வெண்ணெயிலும் உள்ள பியூட்டிரிக் அமிலத்தின் உப்பு இதற்கு நன்கு அறியப்பட்ட பொருள். அசற்றைலைக் கழற்றும் நொதியங்களை அது தடுப்பதால், கலத்தின் ஹிஸ்டோன்களில் அசற்றைல் பெருகும். 1970களின் கடைசியிலிருந்தே இது தெரியும். அது கொடுத்த கலத்திலும் கொடுக்காத கலத்திலும் ஒரே அளவு நிறம் வந்தால், அந்த அசற்றைல் பிறபொருளெதிரியை நம்பி ஒரு வரியும் எழுதக்கூடாது. குறி ஏறும் லைசினை வேறு அமினோ அமிலமாக மாற்றிய ஈஸ்ட் கலம் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே நிறமே வரக்கூடாது.

முயலின் கையிருப்பு தீர்ந்துபோகும் சிக்கலுக்கும் விடை வந்துகொண்டிருக்கிறது. பிறபொருளெதிரியின் மரபணு வரிசையைப் படித்தெடுத்து, கல வளர்ப்பிலோ பக்டீரியாவிலோ அதையே மீண்டும் மீண்டும் உண்டாக்கலாம். 2013இல் சிக்காகோவில் ஹிஸ்டோன் குறிகளுக்கே அப்படிச் செய்து காட்டினார்கள். வரிசை தெரிந்தால், இன்று சம்மாந்துறையில் பயன்படுத்துவதும் பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் பயன்படுத்துவதும் ஒரே மூலக்கூறாக இருக்கும். ஆனால் வரிசை தெரிந்த பிறபொருளெதிரியும் தவறான இலக்கைப் பிடிக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே தவறைச் செய்யும் என்பதுதான் வேறுபாடு. துளிச் சோதனை அதற்கும் வேண்டும்.

வெற்றிலையோடு புகையிலை மெல்லும் ஒருவருக்கு இன்று தேவை ஹிஸ்டோன் சோதனை அல்ல. வாயில் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ, வழித்தாலும் போகாத வெள்ளைப் படலமோ, வாயைத் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் தாமதிக்காமல் பல் வைத்தியரிடம் காட்டுவதும், மெல்லுவதை விடுவதும்தான் உயிரைக் காக்கும். ஆனால் அங்கே வெட்டி எடுக்கப்படும் திசுவை ஹிஸ்டோன் குறி கொண்டும் வாசிக்கும் நாள் வரலாம். அன்று அந்த அறிக்கையில் கையெழுத்திடப் போகிறவர் இப்போது எங்கோ உயர்தர வகுப்பில் இருக்கலாம். எந்தத் தொகுதிச் சரக்கு, எந்தத் துண்டுகளோடு ஒப்பிட்டார்கள், குறி இல்லாத இடத்தில் நிறம் வரவில்லை என்று யார் பார்த்தார்கள் என்ற மூன்று கேள்விகளை அவர் முதல் குழாயைத் திறக்கும்போதே கேட்கப் பழகிவிட்டால், அதற்கு ஆகும் செலவு ஒரு துண்டு நைத்திரோசெலுலோசுத் தாளும் ஒரு பிற்பகலும்தான்.